கஜானாவுக்கு ஒரு கடிவாளம்

2008 அக்டோபரில் மேற்கு ஐரோப்பாவின் பெரிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளாடின. ஜெர்மனி தன் வங்கிகளுக்கு 400 பில்லியன் யூரோ வரை கடன் உத்தரவாதமும், 80 பில்லியன் யூரோ வரை மூலதனமும் தர முன்வந்தது. பிரசல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம் அந்த மாதம் முடிவதற்குள் ஒப்புதல் கொடுத்தது. நவம்பர் 6-ஆம் தேதி அதே ஆணையம் போலந்து விஷயத்தில் வேறொரு முடிவை எடுத்தது. க்டினியா, ஷ்செச்சின் ஆகிய இரு கப்பல் கட்டும் தளங்களுக்கு அரசு கொடுத்த உதவி சட்டவிரோதமானது, அதைத் திரும்ப வசூலிக்க வேண்டும் என்றது அந்த முடிவு. தளங்களின் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. 2009-இல் இரண்டிலும் கப்பல் கட்டும் வேலை நின்றுபோனது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

இரண்டு முடிவுகளும் ஒரே ஒப்பந்தத்தின் ஒரே விதியிலிருந்து பிறந்தவை. வங்கி விழுந்தால் பொருளாதாரம் முழுவதும் சேர்ந்து விழும்; நஷ்டத்தில் ஓடும் கப்பல் தளத்தை மூடினால் போட்டியாளர்களுக்குச் சந்தை திறக்கும். ஆணையம் சொன்ன காரணங்களில் தர்க்கம் உண்டு. ஆனாலும் போலந்துத் தொழிலாளியின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பணக்கார நாட்டின் நிதி நிறுவனத்துக்கு விதி வளைந்துகொடுத்தது. புதிதாகச் சேர்ந்த நாட்டின் பழைய தொழிற்சாலைக்கு விதி விதியாகவே நின்றது.

அரசுகள் தொழில்களுக்குக் கொடுக்கும் உதவியைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பியச் சட்டத்தின் சாதனையும் சங்கடமும் இங்கேதான் இருக்கின்றன. சமமற்ற கஜானாக்களைக் கொண்ட நாடுகள், ஒருவர் பணத்தால் மற்றவர் தொழிலை அழிக்காமலிருக்கத் தங்களுக்குள் போட்டுக்கொண்ட உடன்பாடு அது. கஜானாக்களின் ஏற்றத்தாழ்வு அதிகம் வெளிப்படுவது நெருக்கடிக் காலத்தில். அந்தக் காலங்களில்தான் இந்தக் கடிவாளம் தளர்த்தப்பட்டு வருகிறது.

சுங்கவரி போன பிறகு

1951-இல் பாரிஸில் கையெழுத்தான நிலக்கரி, எஃகுச் சமூக ஒப்பந்தம் அரசு மானியத்தை எந்த வடிவிலும் அனுமதிக்கவில்லை. போரில் மோதிய நாடுகள் தங்கள் சுரங்கங்களையும் உலைகளையும் ஒரே சந்தைக்குள் கொண்டுவந்தன. ஒரு நாடு தன் சுரங்கத்துக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தால் அந்தச் சந்தையே பொய்யாகிவிடும். 1957-இன் ரோம் ஒப்பந்தம் எல்லாத் தொழில்களையும் உள்ளடக்கியபோது இந்த முழுத் தடையைச் சற்று மென்மையாக்கியது. அரசு உதவி பொதுவாகப் பொதுச் சந்தைக்கு ஒவ்வாதது. ஆனால் சில நோக்கங்களுக்காக ஆணையம் அதை அனுமதிக்கலாம். அன்று 92-ஆம் பிரிவாக இருந்த இந்த விதி இன்று 107-ஆம் பிரிவாக இருக்கிறது. அடிப்படை வாசகம் பெரிதாக மாறவில்லை.

உறுப்பு நாடுகள் தமக்கிடையே சுங்கவரியை ஒழித்தன. வெளிநாட்டுச் சரக்கின் மீது வரி போட்டு உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் வழி அதோடு அடைபட்டது. ஆனால் அதே உள்நாட்டுத் தொழிலுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்தால் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். முன்வாசலில் நீக்கிய வரி பின்வாசல் வழியாக மானியமாக நுழையும். அண்டை நாடும் சும்மா இருக்காது, அதுவும் கொடுக்கும். கடைசியில் இரு நாட்டு வரிப்பணமும் கரையும். தொழிற்சாலைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். லாபம் மட்டும் பங்குதாரர்களுக்குப் போகும்.

இப்படியொரு பொது விதி இல்லாத கூட்டாட்சிகளில் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா காட்டியது. 2017-இல் அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக அறிவித்ததும் வட அமெரிக்க நகரங்களும் மாநிலங்களும் 238 விண்ணப்பங்களை அனுப்பின. நிறுவனம் ஏலம் நடத்தியது. அரசுகள் வரிச்சலுகைகளை அடுக்கி விலை கேட்டன.

எது உதவி?

ரொக்க மானியம் மட்டும்தான் உதவி என்றால் அரசுகள் ரொக்கம் கொடுக்காமல் வேறு வழி தேடும். லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. ஜெர்மன் அரசு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேலைநேரக் கணக்கில் ஊக்கத்தொகை வழங்கியது. சுரங்க முதலாளி கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதியை அரசு சுமக்கிறது என்று நெதர்லாந்தின் லிம்பர்க் சுரங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 1961 தீர்ப்பில் நீதிமன்றம் சொன்னதன் சாரம்: உதவி என்பது மானியத்தைவிட விரிந்தது; ஒரு நிறுவனம் வழக்கமாகத் தாங்க வேண்டிய சுமையைக் குறைக்கும் எதுவும் அதில் அடங்கும். 1974-இல் இத்தாலியின் நெசவுத் தொழில் தொடர்பான வழக்கில் இன்னொரு படி முன்னேறியது. அரசு என்ன நோக்கத்தோடு கொடுத்தது என்பதைப் பார்க்க வேண்டியதில்லை. விளைவு என்ன என்பதே கேள்வி.

இவற்றிலிருந்து நான்கு அளவுகோல்கள் உருவாயின. பணம் அரசின் வளங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். அது குறிப்பிட்ட நிறுவனத்துக்கோ துறைக்கோ மட்டும் ஆதாயம் தந்திருக்க வேண்டும். போட்டியைக் குலைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உறுப்பு நாடுகளிடையே வணிகத்தைப் பாதிக்க வேண்டும். வரிவிலக்கு, குறைந்த வட்டிக் கடன், மலிவு விலை நிலம், கடன் உத்தரவாதம், தள்ளுபடியான சமூகப் பாதுகாப்புத் தொகை எல்லாமே இந்த வலைக்குள் வரும். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி வரியைக் குறைத்தால் அது உதவியாகாது.

வலைக்கு ஓட்டைகளும் உண்டு. ஜெர்மனி 1990-களில் காற்றாலை மின்சாரத்தை நிர்ணயித்த விலையில் வாங்கும்படி மின் நிறுவனங்களைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தியது. காற்றாலைக்காரர்களுக்கு லாபம் நிச்சயம். ஆனால் அந்தப் பணம் தனியார் நிறுவனங்களின் பையிலிருந்து போனதே தவிர அரசின் வளத்திலிருந்து அல்ல என்று 2001-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அது அரசு உதவி ஆகவில்லை.

அரசே முதலாளியாக இருந்தால்? ஒப்பந்தம் அரசுடைமையைத் தடுக்கவில்லை. அரசு பணம் போடும்போது, அதே நிலையில் ஒரு தனியார் முதலீட்டாளர் போட்டிருப்பாரா என்று மட்டும் ஆணையம் கேட்கும். போட்டிருப்பார் என்றால் அது முதலீடு. மாட்டார் என்றால் உதவி. சொல்ல எளிது. திவாலாகப் போகும் விமான நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிரூபிக்கும்போதுதான் இதன் கடினம் புரியும்.

முதலில் சொல், பிறகு கொடு

இச்சட்டத்தின் பலம் அதன் நடைமுறையில் இருக்கிறது. உதவி கொடுக்க நினைக்கும் அரசு முதலில் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதில் வரும்வரை ஒரு யூரோகூட வெளியே போகக் கூடாது. மீறிக் கொடுத்தால், போட்டி நிறுவனம் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டு அதை நிறுத்தலாம். சந்தைக்கு ஒவ்வாத உதவி என்று ஆணையம் முடிவு செய்தால், பெற்றவர் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பத்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல முடியும். இது தண்டனை அல்ல என்பதை நீதிமன்றம் திரும்பத் திரும்ப வலியுறுத்தியிருக்கிறது. போட்டி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். "அரசு கொடுத்தது, நான் நம்பி வாங்கினேன்" என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. முறையாக அறிவிக்கப்பட்ட உதவிதானா என்று விசாரித்துக்கொள்வது நிறுவனத்தின் பொறுப்பு.

எதை அனுமதிப்பது என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. நெதர்லாந்தின் பெர்கன் ஆப் ஜூம் நகரிலுள்ள சிகரெட் ஆலையை விரிவாக்க ஃபிலிப் மோரிஸ் நிறுவனத்துக்கு டச்சு அரசு உதவ முன்வந்தது, ஆணையம் மறுத்தது. 1980-இல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சந்தை தானாகவே செய்துவிடும் முதலீட்டுக்கு அரசுப் பணம் தேவையில்லை. ஐரோப்பாவுக்குப் பொதுவான ஏதோ ஒரு நன்மைக்கு அந்த உதவி அவசியம் என்று காட்டினால்தான் அனுமதி. பின்தங்கிய வட்டாரம், ஆராய்ச்சி, சுற்றுச்சூழல், ஐரோப்பிய முக்கியத்துவம் வாய்ந்த கூட்டுத் திட்டம், பொருளாதாரத்தின் கடும் குலைவு ஆகியவை அனுமதிக்கான கதவுகள்.

சிறு உதவிகளையெல்லாம் பிரசல்ஸ் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூன்று ஆண்டுகளில் ஒரு நிறுவனத்துக்கு 3 லட்சம் யூரோ வரையிலான உதவி 2024 முதல் கணக்கிலேயே வராது. பொதுவான நிபந்தனைகளை நிறைவேற்றும் பல வகை உதவிகளுக்கு முன்னனுமதியும் வேண்டாம். இன்று புதிதாகத் தொடங்கும் உதவித் திட்டங்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவை இப்படித்தான் செல்கின்றன.

விதிக்குப் பல் முளைத்த கதை

முதல் இருபது ஆண்டுகளில் ஆணையம் யாரிடமிருந்தும் பணத்தைத் திரும்பப் பெறச் சொல்லும் துணிவோடு இருக்கவில்லை. அந்த அதிகாரம் அதற்கு உண்டு என்பதையே 1973-இல் நீதிமன்றம்தான் சொன்னது. 1970-களின் எஃகு நெருக்கடியில் அரசுகள் போட்டி போட்டுக்கொண்டு உருக்காலைகளுக்குப் பணம் இறைத்தன. உற்பத்தித் திறனைக் குறைத்தால்தான் உதவி என்ற நிபந்தனையைப் புகுத்தவே பெரும் போராட்டம் தேவைப்பட்டது. சட்டவிரோத உதவியைத் திரும்ப வசூலிப்போம் என்று ஆணையம் வெளிப்படையாக அறிவித்தது 1983-இல். 1980-களின் பிற்பகுதியில் போட்டித் துறைக்குப் பொறுப்பேற்ற அயர்லாந்தின் பீட்டர் சதர்லாண்டும், அவருக்குப் பின் வந்த பிரிட்டனின் லியோன் பிரிட்டனும் ஒற்றைச் சந்தைக் கனவோடு இந்த விதிக்குப் பல் முளைக்க வைத்தார்கள்.

பெரிய நாடு அதை எதிர்த்தபோது என்ன ஆனது? 1996-இல் ஜெர்மனியின் சாக்சனி மாநிலம் மோசெல், கெம்னிட்ஸ் ஆலைகளுக்காக ஃபோக்ஸ்வாகனுக்கு வழங்கவிருந்த உதவியில் ஒரு பகுதியை ஆணையம் நிராகரித்தது. மாநில முதல்வர் கர்ட் பீடன்கோப் அதைப் பொருட்படுத்தவில்லை. கிழக்கு ஜெர்மனி தனிக்கதை, நாட்டுப் பிரிவினையின் பாதிப்புக்கு ஒப்பந்தத்திலேயே தனி விதிவிலக்கு இருக்கிறது என்று வாதிட்டு, சுமார் 91 மில்லியன் மார்க்கைக் கொடுத்தேவிட்டார். விவகாரம் நீதிமன்றம் போனது. அந்த விதிவிலக்கு எல்லைக்கோட்டால் நேர்ந்த இழப்புக்கு மட்டுமே பொருந்தும். நாற்பது ஆண்டு வேறொரு பொருளாதார அமைப்பின் விளைவுகளுக்குப் பொருந்தாது என்று 1999-இலும், மேல்முறையீட்டில் 2003-இலும் சாக்சனிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

இத்தாலியின் அலிடாலியா இன்னொரு பாடம். அரசு பலமுறை தூக்கி நிறுத்திய அந்த விமான நிறுவனத்துக்கு 2017-இல் கொடுத்த 900 மில்லியன் யூரோ கடன் சட்டவிரோதம் என்று 2021 செப்டம்பரில் ஆணையம் சொன்னது. அடுத்த மாதமே அலிடாலியா கடைசியாகப் பறந்தது. மறுநாள் ஐடிஏ என்ற புதிய நிறுவனம் பறக்கத் தொடங்கியது. பழையதன் வாரிசு புதியது அல்ல என்று ஆணையம் ஏற்றுக்கொண்டதால் அந்தக் கடன் ஐடிஏவின் தலையில் விழவில்லை. கடன்பட்டவர் காலாவதியான பிறகு யாரிடம் வசூலிப்பது? விதியின் எல்லை அங்கே தெரிந்தது.

வேண்டாம் என்ற பணம்

விதியின் வேறொரு முகத்தை அயர்லாந்து காட்டியது. 1991-இலும் 2007-இலும் அயர்லாந்து வரித்துறை ஆப்பிளின் இரு துணை நிறுவனங்களுக்குக் கொடுத்த தீர்மானங்களால் அவற்றின் ஐரோப்பிய லாபத்தின் பெரும்பகுதிக்கு எங்குமே வரி விதிக்கப்படவில்லை. 2014-இல் ஆப்பிளின் ஒரு துணை நிறுவனம் கட்டிய வரி வீதம் 0.005 சதவீதம் என்று ஆணையம் கணக்கிட்டது. அன்றைய போட்டித் துறை ஆணையர் மார்கிரேத வெஸ்டயா 2016 ஆகஸ்டில் 13 பில்லியன் யூரோ வரை வசூலிக்கச் சொன்னார். பணம் வர வேண்டிய அயர்லாந்தே அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றம் போனது. வரிச்சலுகையை நம்பி வந்த பன்னாட்டு நிறுவனங்களை இழப்பது அதற்கு 13 பில்லியனைவிடப் பெரிய பயம்.

2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கீழமை நீதிமன்றமான பொது நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டில் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கி ஆணையத்தின் முடிவையே இறுதியாக்கியது. அதே வகையான ஃபியட் வழக்கில் 2022-இலும் அமேசான் வழக்கில் 2023-இலும் ஆணையம் தோற்றிருக்கிறது. ஒரு நாட்டின் வரிச்சட்டம் என்ன சொல்கிறதோ அதைக் கொண்டுதான் "சலுகை" எது என்று தீர்மானிக்க வேண்டும். பிரசல்ஸ் தானே ஓர் இலட்சிய வரிமுறையைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது என்பது அந்தத் தோல்விகளின் சாரம். வரி விதிக்கும் இறையாண்மைக்கும் மானியக் கட்டுப்பாட்டுக்கும் நடுவே நீதிமன்றம் எச்சரிக்கையோடு ஒரு கோடு வரைந்திருக்கிறது.

தற்காலிகம் என்ற பழக்கம்

2008-இல் வங்கிகளுக்காக வந்த தற்காலிக ஏற்பாட்டுக்கு ஒரு கடுமை இருந்தது. பணம் வாங்கிய வங்கி சுருங்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் வெஸ்ட்எல்பி 2012-இல் கலைக்கப்பட்டது. உதவிக்கு ஒரு விலை இருந்தது.

2020 மார்ச்சில் கோவிட் தொற்றுக்காக இன்னொரு தற்காலிகச் சட்டகம் வந்தது. அந்த ஆண்டில் 27 நாடுகளும் செலவிட்ட அரசு உதவி சுமார் 320 பில்லியன் யூரோ. முந்தைய ஆண்டுகளைவிட இரு மடங்குக்கும் மேல். லுஃப்தான்சாவுக்கு ஜெர்மனி 6 பில்லியன் யூரோ மூலதனம் தந்ததை ஆணையம் அனுமதித்தது. போட்டியாளரான ரையன்ஏர் வழக்குப் போட்டது. 2023 மே மாதம் பொது நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. அதற்கு முன்பே, 2022-இல், அரசு தன் பங்குகளை விற்று லாபத்தோடு வெளியேறிவிட்டது. நீதி தாமதமாக வந்தால் அதன் பயன் என்னவென்று ரையன்ஏர் கேட்கலாம். வரிசெலுத்துபவருக்கு லாபம்தானே வந்தது என்று பெர்லின் பதில் சொல்லலாம். நெருக்கடியில் விமானம் பறந்துகொண்டிருந்தது யாருடைய கஜானாவின் பலத்தால் என்பதுதான் முக்கியம்.

உக்ரைன் போருக்குப் பின் 2022 மார்ச்சில் மூன்றாவது சட்டகம் வந்தது. அதன்கீழ் அந்த ஆண்டு அனுமதிக்கப்பட்ட 672 பில்லியன் யூரோவில் ஜெர்மனியின் பங்கு 53 சதவீதம், பிரான்ஸின் பங்கு 24 சதவீதம். மீதமுள்ள 25 நாடுகளுக்கும் சேர்த்து கால் பங்குகூட இல்லை. அனுமதித்த தொகையில் உண்மையில் செலவானது சிறு பகுதியே என்பதும் உண்மை. ஆனால் யாருக்கு எவ்வளவு கொடுக்கும் சக்தி இருக்கிறது என்பதை அந்த விகிதம் மறைக்கவில்லை. வெஸ்டயாவே நிதியமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புள்ளிவிவரத்தைச் சொல்லி எச்சரித்தார். டென்மார்க், ஃபின்லாந்து, அயர்லாந்து போன்ற நாடுகளும் தளர்வுக்கு எதிராகக் குரல் கொடுத்தன.

அதே வேளையில் அமெரிக்காவின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் பசுமைத் தொழில்களை வலை வீசி அழைத்தது. 2023 மார்ச்சில் ஆணையம் ஒரு புதிய வழியைத் திறந்தது: ஐரோப்பாவுக்கு வெளியே கிடைக்கும் மானியத்துக்கு இணையாக ஓர் உறுப்பு நாடும் கொடுக்கலாம். 2024 ஜனவரியில் முதன்முதலாக அந்தச் சலுகையைப் பெற்றது ஸ்வீடனின் நார்த்வோல்ட். ஜெர்மனியின் ஹைடே நகரில் மின்கல ஆலை கட்ட 902 மில்லியன் யூரோவுக்கு அனுமதி கிடைத்தது. 2024 நவம்பரில் அந்நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. 2025 மார்ச்சில் ஸ்வீடனில் திவாலானது. ஜெர்மனி சுமார் 10 பில்லியன் யூரோ தர முன்வந்த மாக்டெபுர்க் சில்லு ஆலையை இன்டெல் 2025 ஜூலையில் கைவிட்டது. மானியம் ஒரு திட்டத்தை ஈர்க்கலாம். அந்தத் திட்டத்துக்கு வாடிக்கையாளரையோ உற்பத்தித் திறனையோ உருவாக்கிக் கொடுத்துவிட முடியாது.

2025 ஜூனில் ஆணையம் தூய தொழில்களுக்கான அடுத்த சட்டகத்தை வெளியிட்டது. அது 2030 இறுதி வரை நீடிக்கும். தற்காலிகம் என்ற சொல்லின் கீழ் ஐரோப்பா பதினைந்தாண்டுக்கும் மேலான காலத்தில் வேறு வகையான கொள்கைக்குள் நழுவியிருக்கிறது.

வெளியாரும் விதியும்

உள்நாட்டு நிறுவனங்களைக் கட்டிப்போட்டுவிட்டு, சீன அரசின் பணத்தோடு வரும் நிறுவனத்தைச் சும்மா விட்டால் அந்தக் கட்டுப்பாடு ஐரோப்பியருக்கு எதிரானதாகிவிடும். 2023-இல் அமலுக்கு வந்த வெளிநாட்டு மானிய ஒழுங்குமுறை இந்த இடைவெளியை நிரப்புகிறது. பெரிய நிறுவனக் கையகப்படுத்தல்களிலும் 250 மில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட அரசு ஒப்பந்தங்களிலும் பங்கேற்பவர்கள் வெளிநாட்டு அரசுகளிடம் வாங்கிய நிதியை அறிவிக்க வேண்டும். பல்கேரியாவின் மின் ரயில் ஒப்பந்தத்துக்குப் போட்டியிட்ட சீனாவின் சிஆர்ஆர்சி துணை நிறுவனம், விசாரணை தொடங்கியதும் 2024 மார்ச்சில் விலகிக்கொண்டது. 2024 அக்டோபரில் சீன மின்சாரக் கார்களுக்கு மானிய எதிர்ப்பு வரி வந்தது. பிஒய்டிக்கு 17 சதவீதம், எஸ்ஏஐசிக்கு 35.3 சதவீதம்.

வெளியாரிடம் கட்டுப்பாட்டைக் கோரும் அதே காலத்தில் உள்ளே கட்டுப்பாடு தளர்வது ஒரு முரண். உள்ளேயே விதி பலவீனமானால் வெளியாரிடம் அதைக் கேட்கும் நியாயமும் குறையும்.

கயிறா, பையா?

தொழிற்கொள்கையே கூடாது என்று இங்கே வாதிடவில்லை. பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் எஃகு உலைகளைச் சந்தை தானாகக் கட்டிவிடாது. ஏர்பஸ் போன்ற நிறுவனங்கள் பல நாட்டு அரசுப் பணம் இல்லாமல் எழுந்திருக்காது. ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மாரியோ டிராகி 2024 செப்டம்பரில் கொடுத்த அறிக்கை ஐரோப்பாவுக்குப் பெரும் முதலீடு தேவை என்றது. அந்தத் தேவையை மறுப்பது கடினம். ஆனால் யார் முதலீடு செய்வது, எந்த ஊரில் என்பதைத் தேசிய கஜானாக்களின் பருமன் தீர்மானித்தால், அது ஐரோப்பியக் கொள்கையாக இருக்காது. ஜெர்மன் கொள்கை, பிரெஞ்சுக் கொள்கை என்று பெயர்ப்பலகைகள் மாறும். கிரேக்கத்துக்கும் பல்கேரியாவுக்கும் பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும். கடன் சுமையால் செலவு செய்ய முடியாத நாடு, பணக்கார அண்டை நாட்டின் மானியம் தன் ஆலையை இழுத்துச் செல்வதைக் கைகட்டிப் பார்த்திருக்கும்.

இத்தாலியின் முன்னாள் பிரதமர் என்ரிகோ லெட்டா 2024 ஏப்ரலில் ஒற்றைச் சந்தை குறித்து அளித்த அறிக்கை ஒரு நடுவழியைச் சொன்னது. தேசிய உதவிக்கு அனுமதி கேட்கும் நாடு, அந்தத் தொகையின் ஒரு பகுதியை ஐரோப்பா முழுமைக்குமான திட்டங்களுக்குத் தர வேண்டும். செல்வந்த நாடுகள் இதை விரும்ப வாய்ப்பில்லை. ஆனால் அதன் தர்க்கம் பலமானது. பெரிய கஜானாக்களுக்குச் செலவழிக்கும் உரிமையைத் தளர்த்திக் கொடுத்தால், அந்தத் தளர்வுக்கு ஒரு விலையும் வைக்க வேண்டும்.

1957-இல் ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டதன் சாரம் எளியது. ஒன்று, எல்லாக் கஜானாக்களையும் ஒரே கயிற்றால் கட்டுங்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பையையும் மறுத்தால், மிஞ்சுவது பணக்காரர்களின் ஏலம்தான். அதில் தோற்பது சிறிய நாடுகள் மட்டுமல்ல. ஏலத்தை வென்ற ஹைடேவும் ஆலையின்றித்தான் நிற்கிறது. ஆணையத்தின் அதிகாரிகள் கோப்புகளைப் புரட்டி அரசுகளைக் கேள்வி கேட்கும் அந்தச் சலிப்பூட்டும் நடைமுறைக்கு இருக்கும் மதிப்பு இதுதான்: பணம் கொடுக்கும் முன் ஒவ்வோர் அரசும் தன் குடிமக்களுக்கும் அண்டை நாட்டுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். அடுத்த நெருக்கடியில் விதி தளர்ந்தாலும் தளரட்டும். அந்தக் கேள்வி மட்டும் தளரக் கூடாது.